கொடுக்கிற உப்பும் பிடுங்குகிற உப்பும்

அந்தத் தொழிற்சாலையின் பதிவேட்டில் அவருக்கு முறையான ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே இரண்டு தடவை யோசித்துவிட்டுத்தான் திரும்புவார். வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லாருக்கும் அவர் விரல்காரர். இருபத்திரண்டு வருஷம் வலது கை ஆள்காட்டி விரலை வைத்தே பிழைத்த மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

விரலுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்த இடத்தில் செய்வது இரண்டே சரக்கு, நீலப் பை, சிவப்புப் பை. கால் சுளுக்கினவர் நீலப் பையை வாங்கி இரண்டு கையாலும் அழுத்தினால் உள்ளே இருக்கும் தண்ணீர்ப் பொட்டலம் உடையும். சுற்றியிருக்கும் உப்பு அதில் கரையும். ஒரு நிமிஷத்தில் பை ஐஸ் மாதிரி ஆகிவிடும். சிவப்புப் பையும் அதே மாதிரிதான், அது மட்டும் சூடாகும். ஃப்ரிட்ஜும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். நீலத்துக்குள் போவது அம்மோனியம் நைட்ரேட், சிவப்புக்குள் கால்சியம் குளோரைடு. இரண்டுமே கடுகை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளை மணிகள். பக்கத்தில் பக்கத்தில் கொட்டி வைத்தால் பெற்றவளே குழம்பிப்போகும் இரட்டைப் பிள்ளைகள்.

இரண்டு உப்பும் ஒரே ஆளிடமிருந்து, ஒரே மாதிரி வெள்ளை மூட்டையில் வரும். மேலே அச்சடித்திருக்கும் எழுத்தை நம்ப முடியாது, பாதி மூட்டையில் அது அழிந்திருக்கும், மீதியில் பழைய மூட்டையைத் திருப்பிப் போட்டுத் தைத்திருப்பார்கள். அதனால் ஒவ்வொரு மூட்டையிலும் பத்து கிராம் எடுத்து, ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்து, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, எத்தனை டிகிரி ஏறியது, எத்தனை இறங்கியது என்று எழுத வேண்டும். விதிப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதற்கு மூட்டைக்கு நாலு நிமிஷம் ஆகும். ஒரு லாரியில் நூறு மூட்டை வரும். லாரிக்காரன் நாலாவது மூட்டையிலேயே ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடுவான்.

விரல்காரருக்குப் பத்து விநாடி போதும். தண்ணீர் மக்கில் விரலை முக்குவார், மூட்டையின் ஓட்டைக்குள் விட்டு நாலு மணியை ஒட்டி எடுப்பார், கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்ப்பார். "நீலம். எட்டு டிகிரி கீழ." அடுத்த மூட்டை. "சிவப்பு." சொன்ன கையோடு நீலச் சீட்டோ சிவப்புச் சீட்டோ ஒட்டிக் கையெழுத்துப் போடுவார். தெர்மாமீட்டர் காட்ட வேண்டிய எண் அவர் வாயிலிருந்து நேரே பட்டியலுக்குப் போகும். இதெல்லாம் சரியா என்று கேட்டால் சரியில்லைதான். ஆனால் வருஷக்கணக்கில் ஒரு தப்பும் நடக்காதபோது, சரியில்லாதது என்று யாருக்குத் தோன்றும்?

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பரிசோதனைக்கூடத்துக்கு வேதியியல் படித்த ஒரு பெண் வந்து சேர்ந்தார். எல்லாருக்கும் அவர் லேப் மேடம். முதல் வாரத்திலேயே விரல் வேலையைப் பார்த்துவிட்டுக் கொதித்துப்போனார். "விரலை விட்டுப் பாக்கறதுக்கா நான் இத்தனை வருஷம் படிச்சேன்?" என்று முப்பது கோப்பையில் மாற்றி மாற்றி உப்பைப் போட்டு வைத்து அவரைக் கூப்பிட்டார். முப்பதும் சரி. போதாக்குறைக்கு, பதினேழாவது கோப்பை உப்பு ஈரம் குடித்தது என்றும் சொன்னார் விரல்காரர். அதற்குப் பிறகு வெளியாட்கள் வந்தால் விரலைக் காட்டிப் பெருமைப்பட்டதே மேடம்தான்.

அந்தச் சோதனை நடந்த அன்றைக்கு டீ குடித்துக்கொண்டே மேடம் அவருக்கு விஷயத்தைச் சொன்னார்.

"உப்புன்னா ஒண்ணு பிளஸ், ஒண்ணு மைனஸ் அண்ணே. அதுங்க முதமுதல்ல ஒண்ணு சேரும்போது ஏகப்பட்ட சூட்டை வெளிய விட்டுட்டுத்தான் சேரும். அதனாலதான் அவ்வளவு கெட்டியா அடுக்கி நிக்குது. பிரிக்கணும்னா அந்த அளவு சூட்டைத் திரும்பக் குடுத்தாகணும்."

"யாரு குடுக்கறது?"

"தண்ணிதான். பிரிஞ்சு வர்ற ஒவ்வொரு துகளையும் தண்ணி சுத்தி நின்னு பிடிச்சுக்கும். அப்படிப் பிடிக்கும்போதும் சூடு வரும். பிரிக்கத் தேவையானதை விட அது அதிகமா இருந்தா மிச்சம் உங்க விரலைச் சுடும். குறைச்சலா இருந்தா, பத்தாததைப் பக்கத்துல இருக்கறதுகிட்ட எடுத்துக்கும். தண்ணிகிட்ட, பைகிட்ட, உங்க விரல்கிட்ட. அதான் சில்லுனு இருக்கு."

"பத்தலைன்னா கரையாம சும்மா இருக்க வேண்டியதுதானே?"

மேடம் சிரித்தார். "நல்ல கேள்வி. அடுக்கி நிக்கறதை விடக் கலைஞ்சு திரியறதுக்குன்னு ஒரு இழுப்பு இருக்கு. அது தனிக் கதை."

தனிக் கதையை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டதை மட்டும் தன் பாஷைக்கு மாற்றிக்கொண்டார். கால்சியம் குளோரைடு கொடுக்கிற உப்பு. அம்மோனியம் நைட்ரேட் பிடுங்குகிற உப்பு. "அப்ப சமையல் உப்பு?" என்று புது ஆட்கள் கேட்டால், "அவன் குடுக்கவும் மாட்டான், பெரிசா பிடுங்கவும் மாட்டான். அதனாலதான் எல்லா வீட்டுலயும் சேத்துக்கறாங்க" என்பார்.

இப்போது விரல் செத்த கதைக்கு வருவோம்.

சர்க்கரை நோய் வந்து பல வருஷம். முதலில் பாதம் மரத்தது. ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வரை நடந்து வந்த பிறகுதான் ஒரு செருப்பு காலில் இல்லை என்று மனைவி சொல்லித் தெரிந்தது. அப்புறம் விரல் நுனிகள் குறுகுறுத்தன. அப்புறம் அதுவும் நின்றது. ஒரு காலையில் மனைவி டீயை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிச் சமையல் மேடையில் வைத்தார். இவர் நடுவில் பிடித்து எடுத்துப் பாதி குடித்துவிட்டார்.

"எப்படிங்க பிடிக்கறீங்க? என்னால தொடவே முடியல."

"எனக்கு எருமைத் தோலு" என்றார்.

மனைவி சிரித்தார், ஆனால் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரை டாக்டர் ஓர் இரும்புக் கம்பியைக் குளிர வைத்து விரலில் தொட்டு, "சில்லுனு இருக்கா?" என்று கேட்டபோது இவர் விரலைப் பார்க்கவில்லை, டாக்டரின் முகத்தைப் பார்த்துத்தான் "இருக்கு" என்றார்.

கிடங்கில் கண்ணை வைத்துச் சமாளித்தார். கொடுக்கிற உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கசகசவென்று ஆகும், பளபளக்கும். அதைப் பார்த்துச் சிவப்பு என்பார். வறண்ட நாளில் அந்தப் பளபளப்பும் தெரியாது. அப்போது மூட்டையின் அச்சைப் பார்த்துச் சொல்வார். "எட்டு டிகிரி கீழ" என்று முன்னைவிடச் சத்தமாகச் சொன்னார். தினமும் வேலை முடிந்து வரும்போது நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பார். நாளைக்கு லாரி வந்துவிடும். சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஐம்பத்து நாலு வயதில் இனி மூட்டை தூக்க முடியாது. விரல் இல்லாத விரல்காரருக்கு அங்கே என்ன இடம்? பயம் பாதி, வீம்பு பாதி. வீம்புதான் பெரிய பாதி என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு வியாழக்கிழமை காலை சூப்பர்வைசர் ஒரு நீலப் பையை நுனியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு வைத்தியசாலையில் கணுக்கால் வீங்கின அம்மா ஒருவருக்கு அதை வைத்துத் துணி சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். குளிர வேண்டிய பை கொதித்திருக்கிறது. கட்டை அவிழ்ப்பதற்குள் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். மேடம் பையிலிருந்ததைச் சோதித்துவிட்டு, "கால்சியம் குளோரைடு" என்று மட்டும் சொன்னார். பையின் ஓரத்தில் இருந்த எண், போன வாரம் செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஷிஃப்ட் என்றது.

அந்த ஷிஃப்டில் பை நிரப்பும் இயந்திரத்தின் தொட்டிக்கு மேலே நின்று மூட்டை கொட்டியது தொட்டியம்மா. நாற்பத்தைந்து வயது, வாய் ஓயாத பெண்பிள்ளை. இயந்திரத்தின் இரைச்சலை மீறி ஜோக் சொல்லக் கூடியவர் அங்கே அவர் ஒருவர்தான். அன்றைக்கு அவர் சத்தமே வெளியே வரவில்லை.

"சிவப்பு அடுக்குலேர்ந்து மூட்டைய எடுத்துக் கொட்டியிருக்கே" என்றார் சூப்பர்வைசர்.

"இல்லைங்க. நீலச் சீட்டு ஒட்டினதைத்தான் கொட்டினேன். விரல்காரர் அண்ணன் கையெழுத்து இருந்துச்சு. சொல்லுங்கண்ணே."

எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அன்னைக்கு நான் பாத்ததெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்றார்.

தொட்டியம்மா கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலை. அவர் தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் யோசித்தார். "அண்ணன் விரல் தப்பாது. அப்ப நான்தான் கவனம் தப்பிக் கொட்டியிருப்பேன். எனக்குத்தான் ஞாபகம் இல்ல போல" என்றார். இவர் விரலை நம்பி, தன் கண்ணால் பார்த்ததைக் கைவிட்டார் அந்தப் பெண். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொன்னதற்கும் எதிர்த்துப் பேசவில்லை. அந்த ஒரு ஷிஃப்டில் செய்த எண்ணூறு பையைத் திருப்பி வாங்கிவிட்டால் விஷயம் முடிந்தது என்று தீர்மானம் ஆனது.

விரல்காரர் கிடங்குக்குள் போய் மூட்டை அடுக்கின் எதிரே உட்கார்ந்தார். சாப்பாட்டு மணி அடித்தது, எழுந்திருக்கவில்லை. கண்ணுக்கு எட்டின தூரம் வரை நீலச் சீட்டு, ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்து. பழியைத் தொட்டியம்மா தலையில் கட்டியது ஒரு பாவம். அதை விடப் பெரியது ஒன்று எதிரே அடுக்கி நின்றது. தப்பு தொட்டியம்மாவுடையது என்றால் எண்ணூறு பையோடு போயிற்று. தப்பு விரலுடையது என்றால், விரல் செத்த நாளிலிருந்து போன எந்தப் பையிலும் அந்த உப்பு இருக்கலாம். எந்த வீட்டு அலமாரியில், எந்தப் பள்ளிக்கூடத்து முதலுதவிப் பெட்டியில் இருக்கிறதோ. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மூன்று மணிக்கு லேபுக்குப் போனார்.

"மேடம், ரெண்டு கோப்பை தண்ணி வைங்க. ஒண்ணுல இது, ஒண்ணுல அது. எதுல எதுன்னு எனக்குக் காட்ட வேணாம்."

"இப்ப எதுக்கு அண்ணே விளையாட்டு?" என்று சலித்துக்கொண்டாலும் மேடம் உப்பைப் போட்டுக் கலக்கி வைத்தார். குளிர்ந்த கோப்பையின் வெளிப்பக்கம் பனித்துளி கட்டும், அதைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது விரல்காரருக்குத் தெரியும். கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கை விரலையும் இரண்டிலும் விட்டார். காத்திருந்தார். மனதார வேண்டிக்கொண்டே காத்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏதாவது ஒரு பக்கம், கொஞ்சம், வந்துவிடக் கூடாதா.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு மேடம்."

"என்ன சொல்றீங்க?"

"எதுவும் தெரியல."

மேடத்துக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு அவர் வலது கையை வெடுக்கென்று பிடித்து வெளியே இழுத்தார். "எடுங்க, அது சுடுது, கையை எடுங்க." விரல் சிவந்திருந்தது. குழாயடியில் அதைப் பிடித்துக்கொண்டு மேடம் நின்றார்.

"எப்பலேர்ந்து?"

இங்கே அவர் மறுபடி வழுக்கினார். எத்தனை மாதம் என்று அவருக்கே சரியாகத் தெரியாது, ஆனால் நிறைய என்று தெரியும். நிறைய என்று சொல்ல வாய் வரவில்லை. மன்னிக்கக் கூடியதாகத் தோன்றிய ஒரு அளவைச் சொன்னார்.

"ரெண்டு மாசமா."

மேடம் அலமாரியிலிருந்து பட்டியல்களை எடுத்தார். ஒவ்வொரு தாளின் கீழும் மேடத்தின் கையெழுத்தும் இருந்தது. "எட்டு டிகிரி, எட்டு டிகிரி, எட்டு டிகிரி" என்று விரலை ஓட்டிப் படித்தார். "எந்தத் தெர்மாமீட்டராவது நூறு தடவை ஒரே எண்ணைக் காட்டுமா? நானும் பாத்துக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டிருக்கேன் அண்ணே." பிறகு சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். இயந்திரங்கள் நின்றன. தொட்டியம்மாவை வரச் சொல்லி ஆள் போயிற்று. இரண்டு மாதத்துச் சரக்கையும் திருப்பி வாங்கக் கடிதம் தயாரானது. விரல்காரரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். திரும்ப எப்போது வருவது என்று அவர் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

வெயில் இருக்கும்போதே அவர் வீடு வந்ததைப் பார்த்து மனைவி கதவருகிலேயே நின்றுவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து முழுக்கச் சொன்னார். தொட்டியம்மா முன்னால் பொய் சொன்னதையும் விடவில்லை. மனைவி கேட்டது ஒன்றே ஒன்று.

"எத்தனை மாசம்னு சொன்னீங்க?"

"ரெண்டு."

மனைவி எழுந்து சமையலறைக்குப் போனார். மேல் தட்டில் டப்பாக்களை நகர்த்தும் சத்தம் கேட்டது. வரும்போது கையில் நாலாக மடித்த ஒரு நீலப் பை இருந்தது. வெட்டிக் கழுவிக் காயவைத்த வெறும் பை.

"இது எங்கேர்ந்து?"

"நீங்க கொண்டாந்ததுதான். குழாய் உடைஞ்சு, கீழேர்ந்து தண்ணி தூக்கினோமே, முட்டி வீங்கிப்போச்சுன்னு கொண்டாந்து குடுத்தீங்க."

நினைவு வந்தது. ஓரம் சரியாக ஒட்டாமல் ஒதுக்கின பை. அப்படி ஒதுக்கியதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று அனுமதி உண்டு. கொடுத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது மனைவியின் முட்டியில் பெரிய தீப்புண். வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்துவிட்டது என்றார் மனைவி. பத்து நாள் மருந்து தடவிவிட்டது இவர்தான். தடவியது இதே விரல்தான்.

"வெந்நீர்னு சொன்னியே."

"சொன்னேன்."

"ஏன்?"

மனைவி நீலப் பையின் மடிப்பை நீவிக்கொண்டே பேசினார். "டீ டம்ளரை அப்படிப் பிடிச்சீங்களே, அன்னைக்கே எனக்குத் தெரியும். இது சுட்டதும் நல்லாவே தெரிஞ்சுபோச்சு. சொன்னா உடைஞ்சுபோயிடுவீங்கன்னு பயம். வேலை போயிடும்னு அதை விடப் பயம். வேற யாருக்காவது ஆச்சுன்னா காட்டணும்னுதான் பையை எடுத்து வெச்சேன். காட்டற தைரியம் வரலை. எல்லாரும் உங்களைக் கூப்பிடற பேரே அதுதானேங்க."

அவருக்கு ஒரு நொடி கோபம் பொங்கியது. அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்த வைத்தியசாலை அம்மாவுக்குக் கொப்புளம் வந்திருக்காது. சொல்ல வாயெடுத்தார். அதைச் சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்று உறைத்ததும் வாயை மூடிக்கொண்டார். கோபம் போய் வெட்கம் வந்தது, அது போகவில்லை.

பையை வாங்கி ஜன்னல் பக்கம் போய் ஓரத்து எண்ணைப் படித்தார். ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி.

செல்போனை எடுத்து மேடத்தின் எண்ணை அமுக்கினார். விரல் எங்கே படுகிறது என்று அதற்குத் தெரியவில்லை, இரண்டு முறை யாரோ எடுத்துத் திட்டினார்கள். மூன்றாவது தடவை மனைவி போனை வாங்கித் தானே அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் பிடித்தார்.

"மேடம், ஒரு நம்பர் சொல்றேன், எழுதிக்கங்க." பையைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார்.

தாள் புரளும் சத்தம் கேட்டது. "இது ஏழு மாசத்துச் சரக்கு அண்ணே."

"ஆமாம். நான் சொன்ன ரெண்டு மாசம் பொய்."

"இது யாருக்குப் பட்டுச்சு?" என்று கேட்டார் மேடம்.

"என் வீட்டுக்காரிக்கு. முட்டியில."

"இப்ப எப்படி இருக்காங்க?"

மனைவி புடவையைக் கொஞ்சம் தூக்கி, வழுவழுவென்று வெளுத்திருந்த தழும்பைக் காட்டினார். "ஆறிடுச்சுன்னு சொல்லுங்க" என்று கிசுகிசுத்தார். விரல்காரர் அதன் மேல் விரலை வைத்தார். தழும்பு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று அவருக்கு விரலால் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

"கையகலத்துக்குத் தழும்பு இருக்கு மேடம். எழுதிக்கங்க. இதுக்கு முன்னாடியும் எத்தனை போச்சோ எனக்குத் தெரியாது. ஒரு வருஷத்துதையும் திருப்பி வாங்கச் சொல்லுங்க."

மனைவி போனை இன்னும் அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்.